பேச்சு தாமதிக்கும் பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது: ரங்கூன் தமிழ் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தமிழ் வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும். “டீச்சர், இவனுக்கு ரெண்டரை வயசாச்சு. எல்லாம் புரியுது. ஆனா வாயைத் திறக்க மாட்டேங்கிறான்.” கேட்கிறவர் அதற்குள் நாலைந்து வேலை செய்து பார்த்திருப்பார். வசம்பு உரைத்துத் தடவியாகிவிட்டது, போனில் கார்ட்டூன் போட்டாகிவிட்டது, படஅட்டை வாங்கி “இது என்ன, இது என்ன” என்று கேட்டாகிவிட்டது, யாரோ சொன்னதால் தமிழையும் நிறுத்தியாகிவிட்டது. காதை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வரிசை மாறினால் நல்ல உழைப்பும் வீணாகிறது. கேட்காத பிள்ளையிடம் மூன்று மாதம் பேசிப் பேசிக் களைத்துப்போன அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதை வரிசையாகப் படியுங்கள், வரிசையாகவே செய்யுங்கள். 1 வயது முதல் 4 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு எழுதியது இது.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு பேனா. பெரிய செலவு எதுவும் இல்லை.

விளையாட்டுச் சாமானாக மூடி இறுக்கமான ஒரு டப்பா, ஒரு பந்து, இரண்டு கிண்ணம், ஒரு கரண்டி போதும். பேட்டரி போட்டால் பாடும் பொம்மையை எடுத்து வைத்துவிடுங்கள். அந்தப் பொம்மை பேசும்போது நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம், பிள்ளையும் பேசத் தேவையில்லாமல் போகிறது.

ஒரு நாளைக்கு மூன்று முறை, முறைக்குப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். குளிக்கும் நேரம், சாப்பாட்டு நேரம், தூங்கும் முன் என்று ஏற்கெனவே நடக்கிற வேலையோடு சேர்த்துவிட்டால் தனி நேரம் தேட வேண்டியதில்லை.

அப்புறம், வீட்டில் உள்ள எல்லோரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். பிள்ளை கையை நீட்டினதும் அப்பத்தா பழத்தை உரித்து வாயில் வைத்துவிடுவார். அது அன்புதான், ஆனால் நீங்கள் அடுத்த அறையில் செய்கிற பயிற்சி அங்கே கலைந்துபோகும். “அத்தே, அவன் ஏதாவது ஒரு சத்தம் போடுற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக் கொடுங்க” என்று சொன்னால் பெரியவர்கள் புரிந்துகொள்வார்கள். மூத்த பிள்ளைக்கும் சொல்ல வேண்டும். தம்பிக்காகப் பதில் சொல்லும் அக்காதான் பல வீடுகளில் தம்பியின் வாய்.

2. முதலில் காது

“தட்டைக் கீழே போட்டா திரும்பிப் பாக்கிறான், காது நல்லாத்தான் இருக்கு.” நான் அதிகம் கேட்கும் வாசகம் இது. இதை நம்பாதீர்கள்.

தட்டு விழும் சத்தம் பெரியது. பேச்சு அப்படிப்பட்டதல்ல. உயிரெழுத்துகள் உரக்கக் கேட்கும், ஸ, ஷ, ஃப போன்றவை மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள். சில பிள்ளைகளுக்குத் தட்டும் தாளமும் நன்றாகக் கேட்கும், ஆனால் “பஸ்” என்பது “ப” என்றுதான் போய்ச் சேரும். மேலும் நம்மில் பலர் மரத்தளம் போட்ட வீட்டில் இருக்கிறோம். தட்டு விழுந்த அதிர்வு காலில் தெரிந்தே பிள்ளை திரும்பிவிடும்.

இன்னொன்று, செவிப்பறைக்கு உள்பக்கம் தேங்கும் நீர். இது குளிக்கும்போதோ, திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவிலோ உள்ளே போனது இல்லை. சளி பிடித்த பிறகு மூக்குக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழாய் அடைத்துக்கொள்வதால் உள்ளேயே தேங்குவது. பல நேரம் வலியே இருக்காது, காய்ச்சலும் இருக்காது, பிள்ளை விளையாடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பதுபோல எல்லாம் மங்கலாகக் கேட்கும். மழைக்காலம் முழுவதும் மாறி மாறிச் சளி பிடிக்கிற பிள்ளை என்றால் இதைக் கட்டாயம் சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் காய்ச்சிக் காதில் ஊற்றுவது வேண்டாம். நீர் இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம், எண்ணெய் அங்கே போய்ச் சேராது.

செய்ய வேண்டியது: காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் “பேச்சு தாமதம், கேட்கும் திறனைச் சோதிக்கணும்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது மட்டும் போதாது. செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி, உள்காது பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. என்ற இரண்டு சோதனையும் கேளுங்கள். இரண்டுக்கும் பிள்ளை வாய் திறந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால் “இன்னும் சின்னப்பிள்ளை, வளரட்டும், அப்புறம் டெஸ்ட் பண்ணலாம்” என்று தள்ளிப்போடக் காரணம் இல்லை. பிறந்தபோது செய்த சோதனையில் சரி என்று வந்திருந்தாலும் இப்போது ஒரு முறை செய்யுங்கள், கேட்கும் திறன் பிறகும் குறையலாம்.

நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை வெட்டினால் பேச்சு வரும் என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சவ்வு பால் குடிப்பதற்குத் தடையாக இருக்கலாம், சில ஒலிகளைச் சொல்வதும் சிரமமாகலாம். சொல்லே வராமல் இருப்பதற்கு அது காரணமாக இருப்பது அரிது. ஒரு வயதுக்குள் நாக்கில் தேன் தடவுவதும் வேண்டாம், அந்த வயதில் தேன் உயிருக்கே ஆபத்தான நஞ்சேற்றத்தை உண்டாக்கக்கூடும்.

3. ஒரு வாரம் எழுதுங்கள்

காதுச் சோதனைக்கு நாள் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம், இந்தப் படியைத் தொடங்கிவிடலாம்.

பிள்ளை சொல்லும் ஒவ்வொரு சொல்லையும், அது சொல்லும் விதத்திலேயே எழுதுங்கள். ஒரே பொருளுக்கு ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது ஒரு சொல். “தண்ணி” என்பது “நீ” என்று வந்தாலும் சொல்தான். நாயைப் பார்த்து “பௌ” என்றால் அதுவும் சொல்தான். தமிழ், பர்மிய மொழி இரண்டையும் சேர்த்து ஒரே பட்டியலாக எண்ணுங்கள். தமிழில் 20, பர்மியத்தில் 18 என்றால் அந்தப் பிள்ளைக்கு 38 சொல் இருக்கிறது. தமிழை மட்டும் எண்ணிவிட்டு அழுகிறவர்களும் உண்டு, பர்மியத்தை மட்டும் எண்ணிப் பிள்ளை பின்தங்கிவிட்டது என்று சொல்கிற நர்சரிகளும் உண்டு.

என் வகுப்புக்கு வரும் ஓர் அம்மா மகள் சொல்லும் “சா” என்பதைச் “சாப்பாடு” என்று சொல்லத் தெரியாமல் பாதியில் நிறுத்துவதாக நினைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டியிடமிருந்து வந்த “சா” அது, “சாப்பிடு” என்று பொருள். அரைகுறைத் தமிழ் என்று அவர் விட்டுவிட்டது முழுமையான பர்மியச் சொல்.

எத்தனை சொல் இருக்க வேண்டும்? ஒன்றரை வயதில் அம்மா, அப்பா தவிர மூன்று சொல்லாவது சொல்ல முயல வேண்டும். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும்: “அம்மா வா”, “யே தா”. யே என்றால் தண்ணீர், தா என்பது நம் தமிழ், கலந்து வந்தாலும் அது இரண்டு சொல் வாக்கியம்தான். இரண்டு வயதில் 50 சொல் என்று நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் மாற்றிய பட்டியலில் அந்த 50 என்பது 30 மாதத்தில் இருக்கிறது. நூற்றுக்கு 75 பிள்ளைகளாவது செய்துவிடும் வயதைத்தான் அந்தப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள், ஆகவே அதையும் தாண்டினால் பொறுத்திருக்க இடமில்லை என்று பொருள்.

சொல்லோடு சைகைகளையும் எழுதுங்கள். விரல் நீட்டிக் காட்டுகிறதா, “டாட்டா” காட்டுகிறதா, ஒரு பொருளைத் தூக்கி வந்து உங்களிடம் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? காக்கையைப் பார்த்ததும் விரலை நீட்டிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் பிள்ளை பாதி வாக்கியத்தைச் சொல்லிவிட்டது. சொல் குறைவாக இருந்து சைகை நிறைய இருந்தால் நிலைமை ஒன்று, இரண்டும் இல்லையென்றால் வேறு. கடைசிப் பகுதியில் அதைச் சொல்கிறேன்.

4. எந்த மொழி என்று முடிவு செய்யுங்கள்

இதில் நானே இழந்திருக்கிறேன். என் மூத்தவன் தாமதமாகப் பேசினான். அவனைச் சேர்த்த நர்சரியில், வீட்டில் பர்மிய மொழியில் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழியால்தான் குழம்பிப்போயிருக்கிறான் என்றார்கள். ஆறு மாதம் அப்படியே செய்தேன். என் பர்மிய மொழி சந்தைக்குப் போதும், பிள்ளை வளர்க்கப் போதாது. “வா, சாப்பிடு, வேண்டாம், கீழே வை” இவ்வளவுதான் நாள் முழுக்க அவனிடம் சொன்னேன். மழை ஏன் பெய்கிறது, பல்லி எங்கே ஒளிந்தது, தாத்தா எப்போது வருவார் என்பதெல்லாம் என் வாயில் நின்றுபோயின. அவனுக்குப் பர்மிய மொழியும் வளரவில்லை, இருந்த தமிழும் குறைந்தது.

இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. தாமதம் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு மொழியைப் பிடுங்கினால் மற்றது வேகமாக வருவதில்லை. கலந்து பேசுவதும் குழப்பத்தின் அடையாளம் அல்ல. “தோசை மசாபூ” என்று ஒரு பிள்ளை சொன்னால், தோசை சாப்பிட மாட்டேன் என்று பர்மிய முறைப்படி வினைச்சொல்லின் இருபுறமும் மறுப்பைச் சரியாகப் போட்டிருக்கிறது. இரண்டு மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்பதால் இப்படிக் கலப்பது நம் பிள்ளைகளுக்கு எளிது.

எனவே விதி ஒன்றுதான்: எந்த மொழியில் உங்களுக்கு நினைத்ததெல்லாம் பேச வருமோ அந்த மொழியில் பேசுங்கள். அம்மாவுக்குத் தமிழ், அப்பாவுக்குப் பர்மியம் சரளம் என்றால் அப்படியே இருக்கட்டும். ஆனால் கணக்கு ஒன்று பாருங்கள். தெரு, கடை, சைக்கா (மூன்று சக்கர சைக்கிள் வண்டி) ஓட்டுகிறவர், நர்சரி, டிவி எல்லாம் பர்மியம். நாளில் தமிழ் கேட்கும் நேரம் வீட்டுக்குள் மட்டும்தான், அதிலும் அப்பத்தா இருக்கும் வீட்டில்தான் அதிகம். அந்த நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

5. சத்தத்தைக் குறையுங்கள்

டிவி யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தாலும் அணையுங்கள். போன் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இது: 2 வயதுக்குள் வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. பேச்சைப் பொறுத்தவரை முக்கியமானது, திரை பதிலுக்குக் காத்திருக்காது என்பதுதான். பிள்ளை “ஆ” என்றாலும் என்னாமல் இருந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். கரண்ட் போகும் நேரத்தைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் வீட்டில் அதிகம் பேச்சு நடப்பது அப்போதுதான், மெழுகுவத்தி ஏற்றியதும் பத்து நிமிடப் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

6. கீழே உட்காருங்கள், காத்திருங்கள்

இதுதான் நடு மையம், இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறங்கி எதிரே உட்காருங்கள். உங்கள் வாய் அசைவது பிள்ளைக்குத் தெரிய வேண்டும், பிள்ளை எதைப் பார்க்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் காட்ட நினைத்த பொருளை விட்டுவிடுங்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றித்தான் பேச வேண்டும், பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயர்தான் மனதில் ஒட்டும்.

மூடி இறுக்கமான டப்பாவுக்குள் பிடித்த பிஸ்கட்டைப் போட்டுக் கொடுங்கள். பிள்ளை திருகிப் பார்க்கும், முடியாது, உங்களிடம் நீட்டும். இப்போது பேசாமல் இருங்கள். புருவத்தை உயர்த்தி, எதிர்பார்ப்பதுபோல முகத்தைப் பார்த்து, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். மூன்றில் உங்கள் கை தானாகப் போகும், நிறுத்துங்கள். ஐந்தில் பக்கத்தில் இருப்பவர் “குடேன் பாவம்” என்பார். பத்துக்குள் பெரும்பாலும் ஏதாவது வரும்: ஒரு “ம்”, ஒரு பார்வை, உங்கள் கையில் ஒரு தட்டல். அதைச் சொல்லாக ஏற்றுக்கொண்டு, “திற! திறக்கணும்!” என்று சொல்லியபடி உடனே திறந்துகொடுங்கள்.

எதுவும் வரவில்லையென்றால் பத்துக்கு அப்புறம் நீங்களே “திற” என்று சொல்லித் திறந்துகொடுங்கள். “சொன்னாத்தான் தருவேன்” என்று பிடித்து வைக்கக் கூடாது. அழவிட்டால் அந்த டப்பாவைப் பார்த்தாலே பிள்ளை விலகிப்போகும், நீங்கள் கட்டிய நம்பிக்கை போய்விடும்.

அதிகம் காணும் இன்னொரு பிழை கேள்விகள். “இது என்ன? இது என்ன நிறம்? மாமாவுக்கு யானை சொல்லிக் காட்டு.” இது பரீட்சை. சொல் இல்லாத பிள்ளை பரீட்சையில் தோற்றுக்கொண்டே இருக்கும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். ஒரு கேள்வி கேட்டால் நான்கு முறை சும்மா சொல்லுங்கள்: “காக்கா. காக்கா வந்திருச்சு. சோறு தின்னுது. பறந்திருச்சு.”

7. ஒரு சொல் கூட்டுங்கள்

பிள்ளை ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டாகத் திருப்பிச் சொல்லுங்கள், இரண்டு சொன்னால் மூன்றாக. “பந்து” என்றால் “பந்து உருளுது”. “பந்து உருளுது” என்றால் “சிவப்புப் பந்து உருளுது”. நீளமாகச் சொன்னால் பிள்ளையால் பிடிக்க முடியாது, அதே அளவில் சொன்னால் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

பெயர்ச்சொல்லையே கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பட்டியலில் நாற்பது மிருகம், பழம், வண்டி இருக்கும், “வா, போ, தா, திற, ஊத்து, விழுந்துச்சு” இருக்காது. வினைச்சொல் இல்லாமல் சொற்களைச் சேர்ப்பது கடினம். தமிழில் “வா, போ, தா” ஓரசையில் முடிவது நமக்குப் பெரிய வசதி, அவற்றை முதலில் கொடுங்கள்.

குழந்தை மொழியில் பேசலாமா என்று கேட்பார்கள். குரலை உயர்த்தி, இழுத்து, பாட்டுப்போலப் பேசுவது நல்லது, பிள்ளையின் கவனம் நிற்கும். ஆனால் இலக்கணத்தைச் சிதைக்காதீர்கள். “பாப்பா தண்ணி குடி?” வேண்டாம், “பாப்பா தண்ணி குடிக்கிறியா?” என்று கேளுங்கள்.

8. அன்றாட வேலையில் ஏற்றுங்கள்: தனக்கா நேரம்

ஒரே வேலை, ஒரே வரிசை, ஒரே சொற்கள் தினமும் திரும்ப வந்தால் பிள்ளை அடுத்தது என்ன என்று முன்கூட்டியே நினைக்கத் தொடங்கும். நம் ஊரில் அதற்குக் குளித்து முடித்துத் தனக்கா (மரக்கட்டையைக் கல்லில் உரைத்து முகத்தில் பூசும் பர்மியச் சாந்து) பூசும் நேரத்தைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை.

கல்லை எடுத்துத் தரையில் வையுங்கள். “கல்லு.” சொட்டுத் தண்ணீர் விடுங்கள். “தண்ணி ஊத்து.” கட்டையைப் பிடித்து உரையுங்கள். “உரசு, உரசு, உரசு.” விரலில் தொட்டு, பிள்ளையின் கன்னத்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துங்கள். காத்திருங்கள். ஒரு வாரம் கழித்து அந்த நிறுத்தத்தில் நடந்ததை என் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன், மகளுக்கு அப்போது 20 மாதம்:

“எங்க பூசட்டும்?”
(கன்னத்தை நீட்டினாள்.)
“கன்னத்துல பூசு. குளுகுளுன்னு இருக்கா?”
“குளு.”
“ஆமா, குளுகுளு. இப்ப எங்க?”
“அம்மா.”
“அம்மாவுக்குப் பூசு! சரி, பூசு.”

“குளு” அன்று புதிய சொல். அவளாகக் கட்டையைப் பிடித்து என் மூக்கில் தேய்த்தாள். பிறகு ஐந்து நாள் அதே இடத்தில் “குளு” வந்தது, ஆறாம் நாள் குளிக்கும் தண்ணீருக்கும் “குளு” என்றாள்.

மடியில் உட்காரவைத்து ஆட்டிப் பாடும் பாட்டிலும் இதே முறைதான். நன்றாகப் பழகிய பாட்டில் கடைசிச் சொல்லைப் பாடாமல் நிறுத்துங்கள், பிள்ளை நிரப்பும்.

9. பிழையாகச் சொன்னால்

“அப்படி இல்ல, ஒழுங்காச் சொல்லு” வேண்டாம். “லயில்” என்றால் “ஆமா, ரயில்! ரயில் போகுது” என்று சரியான சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேலே போங்கள்.

ர, ற, ள, ழ எல்லாம் தாமதமாக வரும் ஒலிகள், பள்ளி சேரும் வயதிலும் சில பிள்ளைகளுக்குத் திருந்தியிருக்காது. நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. பர்மிய மொழியில் நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண, ள, ழ ஒலிகள் இல்லை. ரகரத்தை அவர்கள் யகரமாகவே சொல்வார்கள், ரங்கூன் யாங்கோன் ஆவதும் அதனால்தான். பிள்ளை கேட்கும் பேச்சில் பாதிக்கு மேல் அந்த ஒலிகள் இல்லாதபோது தமிழில் அவை வர நாளாகும். மூன்று வயதுப் பிள்ளையின் ழகரத்துக்காக டாக்டரிடம் ஓட வேண்டாம்.

இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் “நா நா நா நான்” என்று திக்குவது பல பிள்ளைகளுக்கு வந்து போகும். முகத்தைப் பார்த்துப் பொறுமையாகக் கேளுங்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, முகம் இறுகி, கண் சிமிட்டிச் சிரமப்பட்டுப் பேசினாலோ காட்ட வேண்டும்.

10. எப்போது காத்திருக்கக் கூடாது

“அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாராம்” என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அப்படிப் பேசியவர்கள் உண்டுதான். ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுப் பயிற்சியோடு நிறுத்தாமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு வயதாகியும் “பபப, மமம” என்ற மழலையே இல்லை, கை நீட்டுவதோ டாட்டா காட்டுவதோ இல்லை. ஒன்றரை வயதில் எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. இரண்டு வயதில் கை காட்டாமல் “செருப்பு எடுத்துட்டு வா” என்று சொன்னால் புரியவில்லை, இரண்டு சொல்லைச் சேர்ப்பதில்லை. மூன்று வயதில் வீட்டாருக்கே பாதிப் பேச்சு புரியவில்லை. எந்த வயதிலானாலும் வந்த சொற்கள் போய்விட்டன என்றால் அந்த வாரமே போக வேண்டும்.

ஆட்டிசமாக இருக்குமோ என்ற பயத்தில் சிலர் போகாமலே இருக்கிறார்கள். பெயர் எதுவானாலும் மேலே சொன்ன படிகள் அந்தப் பிள்ளைக்கும் உதவும், சீக்கிரம் தெரிந்தால் அதற்கென்று உள்ள உதவியும் சீக்கிரம் கிடைக்கும். கோயிலில் வேண்டுதல் வைப்பவர்கள் வையுங்கள், அதே வாரம் டாக்டரிடமும் நாள் வாங்குங்கள்.

போகும்போது நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் பிள்ளை வாய் திறக்காது, அதனால் வீட்டில் விளையாடும்போது ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள், தனக்கா நேரம் அதற்கும் நல்லது. வீட்டில் இரண்டு மொழி என்பதை டாக்டர் கேட்கும் முன்னே நீங்களே சொல்லி, சொற்பட்டியலை இரண்டு மொழிக்கும் சேர்த்துக் காட்டுங்கள். தமிழை நிறுத்தச் சொன்னால், காதுச் சோதனை முடிவு என்ன, இரண்டு மொழியிலும் சேர்த்துப் பிள்ளையின் நிலை என்ன என்று கேளுங்கள். பெகு, மௌல்மீன் பக்கக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் காதுச் சோதனையையும் மருத்துவரையும் ஒரே பயணத்தில் முடிக்கும்படி நாள் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் கிடைக்காவிட்டால் தமிழ்நாட்டில் வீடியோ காலில் தமிழிலேயே பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கரண்ட் இருக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்கு நாள் வாங்குங்கள், முதல் அழைப்பில் அப்பத்தாவையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.